நன்றி ஸ்லைடுக்கு அடுத்தது

18.11.2024 – திங்கள்

கல்லூரி வாசலில் என்னை ஃப்ளெக்ஸ் அடித்து வைத்திருக்கிறார்கள். ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு. நான் கோட்டு போட்டதே இல்லை, அவர்களே போட்டுவிட்டார்கள். மேலே "ஆராய்ச்சிச் செம்மல்", கீழே "நெடுமாறன் முறை கண்ட நாயகர்". தஞ்சாவூர் ரோட்டில் பஸ்ஸில் போகிறவன் பார்த்தால் நான் ஏதோ இடைத்தேர்தலில் நிற்கிறேன் என்றுதான் நினைப்பான்.

பாசமெல்லாம் ஒன்றுமில்லை. அடுத்த மாதம் அங்கீகாரக் குழு வருகிறது. இங்கே ஆராய்ச்சி நடக்கிறது என்று காட்ட ஒரு முகம் வேண்டும். கட்டட முகப்பைக் காட்டினால் பெயிண்ட் உதிர்ந்தது தெரிந்துவிடும்.

காலையில் மூன்றாம் ஆண்டுக்கு அல்காரிதம் வகுப்பு. போர்டு நிறைய எழுதிவிட்டுத் திரும்பினால் முன் பெஞ்சு போட்டோ எடுக்கிறது, நடு பெஞ்சு அந்தப் போட்டோவைக் கேட்டு வாங்குகிறது, கடைசி பெஞ்சு தூங்குகிறது. இருக்கிறதில் நேர்மையானது கடைசி பெஞ்சு.

வீட்டில் தமிழ்நிலாவிடம் ஃப்ளெக்ஸ் போட்டோவைக் காட்டினேன். "இந்தச் சிரிப்பை நான் வீட்டுல பாத்ததே இல்லியேங்க" என்றாள். பள்ளிக்கூட டீச்சரைக் கட்டிக்கொண்டால் மார்க்கு இப்படித்தான் விழும்.

21.11 – வியாழன்

அது என்ன முறை என்று வாட்ச்மேன் கேட்டார். தாளாளர் இதுவரை கேட்டதில்லை. வாட்ச்மேனிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். ஒரு ஆறு. அதிலிருந்து வாய்க்கால்கள், வாய்க்காலிலிருந்து கிளைகள், கிளையின் முடிவில் வயல்கள். தண்ணீர் கொஞ்சம்தான். எந்த மதகை எந்த வரிசையில் திறந்தால் எல்லா வயலுக்கும் சீக்கிரம் தண்ணீர் போய்ச் சேரும்? 2009-இல் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அதைவிட நல்ல வரிசை இருக்கவே முடியாது என்று நிரூபித்தும் காட்டினேன். வெளிநாட்டுக்காரர்கள் அதை வைத்து இணையத்தில் தகவல் அனுப்புகிறார்கள். டெல்டாவில் ஒரு மதகுகூட அதைக் கேட்டுத் திறக்கவில்லை. இருபத்தாறு வருட உத்தியோகத்தில் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான். மற்ற கட்டுரைகள் எல்லாம் இதன் பேரன் பேத்திகள்.

என் ஆய்வு மாணவி நிலோஃபரின் பிஎச்.டி.யும் இதன் மேல் எழுப்பிய மாடி. கூத்தாநல்லூரிலிருந்து ஆறு வருடமாகப் பஸ்ஸில் வந்து போகிறாள். எங்கள் ஆராய்ச்சி மையத்தில் முடிக்கப் போகிற முதல் ஆள். ஆறு அதிகாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் கடைசியில் ஐந்தோடு வந்தாள். "ஒண்ணு சரியா ஒட்டல சார், எடுத்துட்டேன்." நான் ஏன் என்று கேட்கவில்லை. படிக்க வேண்டியது குறைந்தால் யாராவது வருத்தப்படுவார்களா?

அவளுக்கு ஜனவரி இருபதாம் தேதி அரசுக் கல்லூரி வேலைக்கு நேர்காணல். அதற்குள் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் உறுதியாகவில்லை என்றால் உள்ளேயே விடமாட்டார்கள். அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்பது அரசாங்கத்துக்கே தெரியாது. ஆகவே எல்லாம் வெளித்தேர்வாளர் கையில். கோயம்புத்தூர்க்காரர், மயில்சாமி. இன்று போன் செய்தார்.

"தீசிஸ் வந்துருச்சுங்க. கோடியக்கரையில பூநாரை எப்பங்க வரும்?"

"ஜனவரில நெறைய இருக்கும் சார்."

"அப்ப வைவாவை ஜனவரியே வெச்சுக்கலாமுங்க."

அறிவியல் இப்படித்தான் முன்னேறுகிறது.

27.11 – புதன்

மழை. கல்லூரி விடுமுறை. குடவாசலுக்குப் பக்கத்தில் ஊரில் பயிர் செய்கிற தம்பி பரிதி போன் செய்தான். வயல் முழுகிவிட்டதாம். "மேல இருக்கவன் வடியவிட்டா நமக்கு முழுகுது. வடியவிடலன்னா நமக்குக் காயுது. என்னண்ணே பொழப்பு இது?" வருடா வருடம் கேட்கிற புலம்பல். உம் கொட்டிவிட்டு அசைன்மென்ட் திருத்தப் போனேன். நாற்பது பேர் ஒரே பதிலை ஒரே அழகிய ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்ததை அப்படியே இறக்கியிருக்கிறார்கள். "நிச்சயமாக, உங்களுக்கு உதவுகிறேன்" என்ற முதல் வரியைக்கூட ஒருவன் விடவில்லை. விசுவாசத்துக்காக அரை மார்க்கு போட்டேன்.

12.12 – வியாழன்

குழு வந்தது, சாப்பிட்டது, போனது. இரால் வறுவல் பற்றி நல்ல கருத்து சொன்னார்கள். லேபில் எல்லாக் கம்ப்யூட்டர் திரைகளும் எரிந்தன. வேலை செய்தன என்று நான் சொல்லவில்லை. குழுவில் ஒரு அம்மா மட்டும் கேட்டார்: "உங்கள் முறையால் இங்குள்ள விவசாயிகளுக்கு என்ன பயன்?" ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது என்றேன். இந்த ஒரு வாக்கியம் என் குடும்பத்தையே காப்பாற்றி வந்திருக்கிறது.

தாளாளர் தோளில் கை போட்டார். "ஒங்க ஸ்டூடண்ட் பொண்ணு வைவா முடியட்டும் சார். அன்னிக்கு மேடையிலயே ஒங்கள ரிசர்ச் டீன்னு அறிவிச்சுடலாம்." டீன் என்றால் தனி அறை, ஏ.சி., கொஞ்சம் மரியாதை. ஆசை இல்லை என்று எழுதினால் இந்த டைரி என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

20.12 – வெள்ளி

வைவா பொதுவில் நடக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று சட்டம். அதனால் அந்த "யார் வேண்டுமானாலும்" நம் ஆளாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது கைடின் கடமை. மூன்று கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி மூன்று பேரிடம் கொடுத்தாயிற்று. பதில்களை நிலோஃபரிடம் கொடுத்தாயிற்று. ஊரெல்லாம் இப்படித்தான் நடக்கிறது. பட்டங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.

மூன்றாவது சீட்டு பஞ்சநதத்திடம். இருப்பதிலேயே எளிய கேள்வி: "இந்த ஆய்வின் எதிர்காலப் பயன் என்ன?" இவர் எங்கள் துறைதான், என் வயதுதான். எங்கள் ஊருக்கு மேற்கே அவர் குடும்பத்துக்கு நிலம். அவர் அப்பா வயலில்தான் என் அப்பா நல்லக்கண்ணு நாற்று பறித்தார். இன்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே மட்டமான காப்பியைக் குடிக்கிறோம். சமத்துவம் வந்துவிட்டது. நல்ல காப்பிதான் இன்னும் வரவில்லை.

2.1.2025 – வியாழன்

மயில்சாமி வந்து இறங்கினார். டிகிரி காப்பி, பெரிய கோயில், பேத்திக்கு இரண்டு தலையாட்டி பொம்மை. வைவாக் குழுவில் உட்காரவே அவற்றுக்குத் தகுதி இருந்தது. நாளை வைவா, நாளை மறுநாள் கோடியக்கரை, திரும்பும் வழியில் வேளாங்கண்ணி. கார் என்னுடையது. டிரைவரும் நான்தான்.

மாலையில் நிலோஃபருக்கு ஒத்திகை. நன்றாகப் பேசினாள். கடைசியில் "நன்றி" என்று ரோஜாப்பூ போட்ட ஸ்லைடு. கை தவறி இன்னொரு தடவை தட்டிவிட்டாள். அடுத்து ஒரு படம் வந்து மறைந்தது. வயலைத் தாண்டிப் போன வாய்க்கால் திரும்ப இன்னொரு வாய்க்காலில் போய்ச் சேருகிற மாதிரி.

"அது என்னம்மா?"

"பழசு சார். அழிச்சுடறேன்."

"நன்றிக்கு அப்புறம் சாப்பாடுதான் வரணும்" என்றேன். சிரிக்கவில்லை. ஆறு வருடமாக என் எல்லா ஜோக்குக்கும் சிரித்த பெண்.

3.1 – வெள்ளி

சாப்பாடு ஆன கையோடு எழுதுகிறேன். தள்ளிப்போட்டால் எனக்குச் சாதகமாக மாற்றி எழுதிவிடுவேன்.

ஹால் நிரம்பியிருந்தது. முன் வரிசையில் தாளாளர், பக்கத்தில் தட்டில் இரண்டு பொன்னாடை. கடைசி வரிசையில் நிலோஃபரின் அம்மா பர்வின், மடியில் தம்ரூட் இனிப்பு டப்பாக்கள். ஹாலுக்கே அதன் நெய் வாசம். நிலோஃபர் பேசினாள். ரோஜாப்பூ வந்தது. முதல் இரண்டு சீட்டும் ஒழுங்காகக் கேட்கப்பட்டன. மயில்சாமி மேசைக்கு அடியில் போனில் கோடியக்கரைக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சநதம் எழுந்தார். சட்டைப் பையைத் தடவினார். இன்னொரு தடவை தடவினார். சாப்பாட்டுக் கமிட்டிக்கும் அவர்தான் பொறுப்பு. சாம்பார் கொட்டிவிட்டது என்று சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். சீட்டு பழைய சட்டையில். உட்காருங்க என்று கண்ணைக் காட்டினேன். அவர் அதை, தைரியமா கேளுங்க என்று எடுத்துக்கொண்டார்.

"எழுந்துட்டேன், சும்மா உக்காந்தா நல்லாருக்காது, அதனால கேக்குறேன்மா. உங்க படத்துல ஆத்துலேந்து வாய்க்காலு, வாய்க்கால்லேந்து வயலு. அதோட முடிஞ்சுபோவுது. எங்க பக்கம் அப்படி இல்லியே? எங்க வயல்ல வடியற தண்ணிதான் கெழக்க நம்ம நெடுமாறன் சார் ஊருக்குப் பாசனமே. அவங்களுக்கு ஆத்துலேந்து தனியா வாய்க்கால் கெடையாது. அத எங்க காட்டிருக்கீங்க?"

ஹாலில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

"அது இந்த ஆய்வோட எல்லைக்கு வெளியே சார்" என்றாள் நிலோஃபர். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம். எந்தக் கேள்விக்கும் பொருந்தும்.

மயில்சாமி போனைக் கவிழ்த்து வைத்தார். "எப்படீங்க வெளிய? காவிரிப் பாசனம்னு தலைப்புலயே போட்டிருக்கீங்க. ஒருத்தர் வயல்ல வடியற தண்ணி இன்னொருத்தருக்குப் பாசனம்னா நெடுமாறன் முறை வேலை செய்யுமா, செய்யாதா? இதுக்குப் பதில் இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாதுங்க. திருத்தி எழுதி ஆறு மாசம் கழிச்சு வாங்க."

ஆறு மாதம். ஜனவரி இருபது போச்சு.

"தெரியல சார்" என்றாள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள்.

எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. நேத்து வந்து மறைஞ்ச படம். காணாமப்போன ஆறாவது அதிகாரம். ஒட்டலன்னாளே, எதோட ஒட்டல? என்னோட ஒட்டல. பதில் அவளுக்குத் தெரியும். ரொம்ப நாளாத் தெரியும். வாசல்ல நிக்கிற என் ஃப்ளெக்ஸுக்காக ஆறு வருஷத்தையும் வேலையையும் சேர்த்துப் புதைக்கிறா – எனக்கு எதிர்ல, என்னாலதான்.

உடனே எழுந்தேன் என்று எழுத ஆசை. எழவில்லை. பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். மூடியைத் திருகினேன். இன்னும் கொஞ்சம் திருகினேன். பேசாம இருந்தா நான் டீன். யாருக்கும் தெரியப்போறதில்லை, அவ வாயைத் திறக்க மாட்டா. இதெல்லாம் யோசித்தேன். கடைசி வரிசையில் அந்த அம்மா என்ன நடக்கிறது என்று தெரியாமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்தேன். "நிலோஃபர், நன்றி ஸ்லைடுக்கு அடுத்ததைப் போடும்மா."

"அழிச்சுட்டேன் சார்."

"அழிச்சிருக்க மாட்டீங்க. போடுங்க" என்றேன்.

போட்டாள். மேல் வயலின் வடிகால் கீழ் வயலின் வாய்க்காலாக இருந்தால் என் கணக்கு கீழ் வயலுக்கு முறை கொடுக்கிற நேரத்தில் வடிகால் காய்ந்து கிடக்கும். அது நனைகிற நேரத்தில் முறை முடிந்திருக்கும். காகிதத்தில் கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்துவிடும். வயலில் வரவே வராது. இதைப் படிப்படியாகக் காட்டினாள், அதுவும் நான் வகுப்பில் நிரூபணம் எழுதச் சொல்லிக்கொடுத்த அதே ஒழுங்கில். எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று பேராசையோடு தேடினேன். இல்லை.

மயில்சாமி இரண்டாவது தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள்.

தாளாளர் என் காதருகே வந்தார். "இப்ப என்ன சார், ஜெயிச்சோமா தோத்தோமா?"

"ரெண்டும்தான் சார்."

ஒரு பொன்னாடை நிலோஃபருக்கு. எனக்கென்று வந்த இன்னொன்று மயில்சாமிக்குப் போயிற்று. டீன் பற்றி யாரும் பேசவில்லை. தம்ரூட் நன்றாக இருந்தது.

இதை எழுதாமல் பேனாவை மூட முடியாது. எனக்குத் தெரியாதா? எங்க ஊர்ல பொறந்த எந்தக் கொழந்தைக்கும் தெரியும். அந்த வடிகால்ல குளிச்சு வளந்தவன்டா நான். அப்பா நல்லக்கண்ணு பிற்பாடு ஒரு துண்டு நிலம் வாங்கினார், ஆற்றுத் தண்ணீர் எட்டாத கடைமடையில். எங்களுக்கு வேறே எங்கே கொடுப்பார்கள்? 2009-இல் படம் வரைந்தபோது ஒவ்வொரு வயலுக்கும் ஆற்றிலிருந்து தனிக் கோடு போட்டேன். "எளிமை கருதி" என்று கட்டுரையில் எழுதினேன். எளிமையும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. அவங்க வயல்ல வடிஞ்ச தண்ணியிலதான் எங்க அப்பா பயிர் வச்சாருன்னு உலகத்துக்குச் சொல்ல எனக்குக் கூசிச்சு. காகிதத்துலயாவது அவருக்கு நேரா ஆத்துத் தண்ணி குடுத்துட்டேன். கணக்கு அதைத் தாங்கவில்லை.

4.1 – சனி

கோடியக்கரை. பூநாரைகள் தூரத்தில், ரோஸ் நிறப் புள்ளிகளாக. கூட்டமா, தண்ணீரில் விழுந்த வெளிச்சமா என்று தெரியவில்லை. மயில்சாமி அதற்கே குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். உப்பளத்து ஓரம் டீ குடிக்கும்போது நானே கேட்டேன்: "தீசிஸை முழுக்கப் படிச்சீங்களா சார்?"

"முன்னுரையும் முடிவுரையும் படிச்சனுங்க" என்றார் கூச்சமே இல்லாமல். "அந்தச் சட்டை மாத்துன சார் கேக்கலைன்னா நேத்து கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு பறவை பாக்க வந்திருப்பனுங்க." பிறகு கேட்டார்: "வருத்தமுங்களா?"

இல்லை என்றேன். வருத்தம்தான். வேளாங்கண்ணியில் அவர் மெழுகுவத்தி ஏற்றப் போனபோது காரில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு அழுதேன். அவர் திரும்பி வந்து தொண்டை சரியில்லையா என்று கேட்டார். ஏ.சி. என்றேன்.

6.1 – திங்கள்

ரிசர்ச் டீன்: தாளாளரின் மருமகன். அவரிடம் தேற்றம் எதுவும் இல்லை. ஆகவே அதில் பிழையும் வராது.

7.1 – செவ்வாய்

பஞ்சநதம் காப்பியோடு வந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. "சீட்டு சட்டையோட போயிடுச்சு சார். உங்க டீன் வேலை என்னாலதான் போச்சு."

"நீங்க சீட்டு வச்சிருந்தா அந்தப் பொண்ணு வாயையே தெறந்திருக்காது சார்."

காப்பியை என் பக்கம் நகர்த்தினார். "உங்க ஊருக்கு எங்க வடிகால்தான்னு அத்தன பேர் முன்னால சொல்லிட்டேன். அப்படிச் சொல்லிருக்கக் கூடாது."

"உண்மைதானே சார்" என்றேன். காப்பியைக் குடித்தோம். இன்றும் மட்டம்தான்.

21.1 – செவ்வாய்

அல்காரிதம் வகுப்பு. வழக்கம்போல நெடுமாறன் முறையைப் போர்டில் எழுதினேன். எழுதி முடித்து, "இது தப்பு" என்றேன். போட்டோ எடுத்த போன்கள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. கடைசி பெஞ்சில் ஒருவன் விழித்துக்கொண்டு, "அப்ப பரீட்சைக்கு வருமா சார்?" என்று கேட்டான். இருபத்தாறு வருடத்தில் அந்தப் பெஞ்சிலிருந்து வந்த முதல் கேள்வி.

9.2 – ஞாயிறு

ஊருக்குப் போயிருந்தேன். அறுப்பு முடிந்து நெல் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே குவியலாகக் கிடக்கிறது. எடை போடுகிற முறை பரிதிக்கு இன்னும் வரவில்லை. மேகம் கட்டியதும் குவியலை மூட எதையோ விரித்தான். பார்த்தால் நான். கோட்டு போட்டு, தலைகீழாக, "ஆராய்ச்சிச் செம்மல்". கல்லூரி வாசலில் தாளாளர் மருமகனின் ஃப்ளெக்ஸ் ஏறியதும் என்னுடையதை வாட்ச்மேனிடம் கேட்டு வாங்கி வந்தானாம். "நல்ல கனமான ஷீட்டுண்ணே, ஒரு சொட்டு எறங்காது." தூறல் விழுந்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. என் ஆராய்ச்சியால் விவசாயிகளுக்கு என்ன பயன் என்று கேட்ட அந்த அம்மாவின் போன் நம்பர் என்னிடம் இல்லை.

நிலோஃபருக்கு வேலை கிடைத்துவிட்டது. அரசுக் கல்லூரி, உதவிப் பேராசிரியர். நேற்று கட்டுரையின் முதல் வடிவை அனுப்பினாள். "நெடுமாறன் முறையில் ஒரு பிழை" என்று தலைப்பு. ஆசிரியர்கள் நிலோஃபர், நெடுமாறன். தலைப்பிலும் நான், கீழேயும் நான். என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். முடியாது என்றாள். இவளுக்குத்தான் நான் எழுந்து நிற்கச் சொல்லிக்கொடுத்தேனோ என்னவோ.

வயல் வரப்பில் நின்று போனில் படித்தேன். முதல் படத்திலேயே வடிகால் வந்து வாய்க்காலில் சேருகிறது. வயல்களுக்கு நான் வெறும் எண் போட்டிருந்தேன். அவள் பெயர் வைத்திருக்கிறாள். மேல் வயல் பஞ்சநதம். கடைசி வயல் மட்டும் காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: "இதுக்கு என்ன பேர் வைக்கலாம் சார்?"

நல்லக்கண்ணு என்று அனுப்பினேன்.

"யாரு சார் அது?"

பதிலை டைப் அடிக்கப் பார்த்தேன். நீளமாகப் போயிற்று. அழித்துவிட்டு போன் போட்டேன்.